கேப்டன் குக்கின் களவுக் கணக்கு

ஜேம்ஸ் குக் தன் காலுறைகளைப் பறிகொடுத்தது 1769ஆம் வருடம் மே 28ஆம் தேதி இரவு. டஹிட்டித் தீவில் துத்தாஹா என்ற தலைவரைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டிவிட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் படுத்துக்கொண்டார்கள். குக் காலுறைகளைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் காலுறைகளைக் காணோம். தான் கண்ணே மூடவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அவருடன் போயிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் கதை இன்னும் மோசம். புரேயா என்ற உயர்குலப் பெண்மணி தன் படகிலேயே அவருக்குப் படுக்க இடம் கொடுத்தார். புழுக்கம் தாங்காமல் பேங்க்ஸ் உடுப்பைக் கழற்ற, திருட்டுப் போய்விடும், நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று அம்மையார் வாங்கி வைத்துக்கொண்டார். நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் மேல்சட்டை, உள்சட்டை, அதிலிருந்த பிஸ்டல்கள், வெடிமருந்துக் கொம்பு எல்லாம் போயிருந்தன. பேங்க்ஸுக்கு அப்போது 26 வயது. இங்கிலாந்தின் பெரும் பணக்கார வாலிபர்களில் ஒருவர். இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல், இருட்டில் வெளிச்சம் தெரிந்த திசையில் நடந்து போய் குக்கைக் கண்டுபிடித்தால், அவர் காலுறை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கூட வந்த இரண்டு இளம் அதிகாரிகளும் மேல்சட்டையைப் பறிகொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை புரேயா கொடுத்த உள்ளூர்த் துணியைப் போர்த்திக்கொண்டுதான் பேங்க்ஸ் வெளியே வந்தார். போன எதுவும் திரும்பி வரவில்லை.

இந்தச் சம்பவத்தை நாட்குறிப்பில் படிக்கும்போது சிரிப்புதான் வருகிறது. எழுதியவர்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும் போல. சரியாகப் பத்து வருடம்கூட ஆகவில்லை. 1779 பிப்ரவரி 14 அன்று இதே குக், திருட்டுப் போன ஒரு படகைத் திரும்ப வாங்கப் போய், ஹவாய்த் தீவின் கரையில் குத்துப்பட்டுச் செத்தார். அவருக்கு வயது 50. காலுறைக்கும் படகுக்கும் நடுவில் அந்த மனிதருக்கு என்ன ஆனது?

குக் என்றதும் வரைபடம், கண்டுபிடிப்பு, பேரரசு என்றுதான் பேச்சு போகும். அவருடைய மூன்று பயணங்களின் நாட்குறிப்புகளையும் வரிசையாகப் படிக்கும் ஒருவருக்கு வேறொன்று தட்டுப்படும். பக்கத்துக்குப் பக்கம் திருட்டு. ஆணி, வாளி, கத்தி, துப்பாக்கி, மூக்குப்பொடி டப்பா, ஆடு. அந்நிய ஊரில் பொருளைத் தொலைத்துவிட்டு என்ன செய்வதென்று முழிக்கும் பயணியின் நாட்குறிப்பு அது. வித்தியாசம் ஒன்றுதான். இந்தப் பயணியிடம் பீரங்கி இருந்தது.

*

குக்குக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால் ஒருவர் இதே பிரச்சினையைத் தன் வழியில் தீர்த்திருந்தார். மெகல்லன் 1521 மார்ச் 6 அன்று குவாம் தீவை அடைந்தபோது அவருடைய ஆட்கள் மூன்று மாதத்துக்கு மேல் நிலத்தையே பார்க்கவில்லை. எலியையும், பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலையும், மரத்தூளையும் தின்று உயிர்பிழைத்திருந்தார்கள் என்று உடன்போன பிகஃபெட்டா எழுதுகிறார். தீவின் சமோரோ மக்கள் படகுகளில் வந்து கப்பலில் ஏறினார்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். கப்பலின் பின்னால் கட்டியிருந்த சிறு படகையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மெகல்லன் 40 பேருடன் கரையேறி, 40, 50 வீடுகளையும் நிறையப் படகுகளையும் எரித்து, 7 பேரைக் கொன்று, படகை மீட்டார். போகும்போது தீவுகளுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள்: லத்ரோனஸ், அதாவது திருடர் தீவுகள். 1668இல் ஸ்பெயின் அரசி மரியானாவின் பெயரை வைக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு, ஐரோப்பிய வரைபடங்களில் அந்த மக்களுக்கு அதுதான் முகவரி.

ஒரு படகு காணாமல் போனதற்கு ஒரு ஜனத்துக்கே திருடர் என்று பட்டம். நமக்கு இது ஒன்றும் அந்நியமான கதையல்ல. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்து, பிறந்த குழந்தையையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது.

குக் மெகல்லன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார்க்‌ஷயரில் பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்து, நிலக்கரிக் கப்பலில் வேலை கற்று மேலே வந்தவர். முதல் பயணத்துக்குப் புறப்படும்போது ராயல் சொசைட்டியின் தலைவர் மார்ட்டன் பிரபு அவரிடம் ஒரு அறிவுரைக் குறிப்பைக் கொடுத்திருந்தார். அங்கே இருக்கும் மக்களே அந்த நிலத்தின் உரிமையாளர்கள், அவர்கள் ரத்தத்தைச் சிந்தாதே என்பது அதன் சாரம். குக் அதைக் காகிதமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

எண்டெவர் கப்பல் டஹிட்டியின் மடவாய் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சியது 1769 ஏப்ரல் 13. ஜூன் 3 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதை அளக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தார்கள். மறுநாளே தலைவர் ஒருவரின் வீட்டு விருந்தில் சொலாண்டரின் சட்டைப்பையிலிருந்து சிறு தொலைநோக்கியும், கப்பல் மருத்துவரின் பையிலிருந்து மூக்குப்பொடி டப்பாவும் காணாமல் போயின. சுத்தமான பிக்பாக்கெட். பேங்க்ஸ் எழுந்து துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஓங்கி இடித்தார். கூட்டம் சிதறியது. தலைவர் அலைந்து திரிந்து பொருள்களை வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் ஒருவர் காவல் சிப்பாயின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். காவலுக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரி சுடச் சொன்னார். அந்த மனிதர் செத்தார். குக் அப்போது அங்கே இல்லை.

இதற்குப் பிறகு குக் எடுத்த முடிவுதான் அவரைப் பற்றி எனக்கு ஒரு மரியாதையை உண்டாக்குகிறது. திருடுபவரைச் சுடக் கூடாது. காரணத்தையும் எழுதுகிறார். காவலுக்கு நிற்பவனுக்குச் சுடும் அதிகாரம் கொடுத்தால் அற்பக் காரணத்துக்கெல்லாம் சுடுவான். தவிரவும், இங்கிலாந்தில் திருடனைத் தூக்கில் போடுகிறார்கள் என்பதால் டஹிட்டியில் அவனைச் சுட வேண்டும் என்று ஆகிவிடாது. இதை எழுதும் காலத்தில் லண்டனில் ஒருவன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் நைசாக அடித்தால் தூக்கு. 1808இல்தான் அது மாறியது. அந்த ஊரிலிருந்து வந்த ஒரு கப்பல்காரர், நம் சட்டம் இங்கே செல்லுமா என்று நின்று யோசித்திருக்கிறார். கருவிகளையோ ஆயுதத்தையோ தொலைக்கும் மாலுமியின் சம்பளத்தில் அதன் விலையைப் பிடித்துக்கொள்வேன் என்றும் கப்பலில் விதி போட்டார். உன் பையை நீ பாத்துக்கோ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான்.

சுடக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

*

அதற்கு முன் அந்த மக்கள் ஏன் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். தீவுகளில் உலோகம் கிடையாது. கோடரி கல், தூண்டில் முள் சிப்பி அல்லது எலும்பு. ஒரு இரும்பு ஆணியை வளைத்தால் தூண்டில். தட்டினால் உளி. இப்படி யோசித்துப் பாருங்கள். நாளைக்கு நம் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. அதன் கைப்பிடி, தாழ்ப்பாள், ஆணி எல்லாம் தங்கம். ஏறிப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். எத்தனை பேர் வெறுங்கையோடு இறங்குவோம்?

ஆணிக்கு இருந்த மதிப்பு கப்பல்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். 1767இல் வாலிஸின் டால்ஃபின் கப்பல் முதன்முதலாக டஹிட்டிக்கு வந்தபோது, பெண்களுக்குக் கொடுப்பதற்காக மாலுமிகள் கப்பலின் ஆணிகளையே பிடுங்கினார்கள். தூளிப்படுக்கை மாட்டும் ஆணிகள்கூடப் போய், பலர் தரையில் படுத்தார்கள். எண்டெவரிலும் சரக்கறையை உடைத்து மூட்டை மூட்டையாகப் பெரிய ஆணிகள் போயின. ஒரு மாலுமியிடம் ஏழு ஆணிகள் மட்டும் அகப்பட்டன. கூட்டாளிகளைக் காட்டிக் கொடுக்காமல் 24 கசையடி வாங்கிக்கொண்டார். ஆக, குக்கின் கப்பலைத் தீவுக்காரர்கள் வெளியிலிருந்தும், அவருடைய ஆட்கள் உள்ளிருந்தும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கசையடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு கல்கோடரிக்காக உள்ளூர்ப் பெண்ணை மிரட்டிய கப்பல் கசாப்புக்காரருக்கு, அந்தக் குடும்பத்தின் கண்முன்னாலேயே குக் சவுக்கடி கொடுத்தார். நியாயம் எல்லாருக்கும் பொது என்று காட்ட வேண்டுமாம். முதல் அடி விழுந்ததும் டஹிட்டியர் அழுது, நிறுத்தச் சொல்லி மன்றாடினார்கள். குக் நிறுத்தவில்லை.

சரி, மே 2. வெள்ளிக் கடப்பை அளப்பதற்கான குவாட்ரண்ட் என்ற கோணமானிக் கருவியை முந்தின நாள்தான் பெட்டியோடு கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். காலையில் பெட்டியே இல்லை. காவல்காரன் நின்றது ஐந்து கஜ தூரத்தில். கருவி இல்லாவிட்டால் பயணமே வீண். பேங்க்ஸும் வானியலாளர் கிரீனும் ஒரு உள்ளூர்த் தலைவரைக் கூட்டிக்கொண்டு வெயிலில் மைல்கணக்காக ஓடி, பேசி, கூட்டத்தின் நடுவில் நின்று, துண்டு துண்டாகக் கருவியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஸ்போரிங் என்ற கைத்தேர்ந்தவர் அதைப் பழுது பார்த்தார். பேங்க்ஸிடம் இருந்தது ஒரு ஜோடி சட்டைப்பைப் பிஸ்டல். வேலையை முடித்தது துப்பாக்கியல்ல, கூடப்போன தலைவரின் முகம்.

இதே நாளில் கோட்டையில் இன்னொன்று நடந்தது. கருவி வரும்வரை தலைவர்களையும் படகுகளையும் பிடித்து வைக்கலாம் என்று குக் முதலில் நினைத்தார். பிறகு, சம்பந்தமில்லாத துத்தாஹாவைப் பிடிக்க வேண்டாம் என்று மனம் மாறினார். ஆனால் உத்தரவு குழம்பி, அவர் இல்லாத நேரத்தில் துத்தாஹாவைப் பிடித்து வைத்துவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்த குக் பார்த்தது, தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று நம்பி அழுதுகொண்டிருந்த ஒரு பெரிய மனிதரையும், வெளியே கதறிக்கொண்டிருந்த கூட்டத்தையும். உடனே விடுவித்தார். அடுத்த சில நாட்கள் கோட்டைச் சந்தைக்கு ஒரு தேங்காய் வரவில்லை. துத்தாஹா ஒரு கோடரியும் ஒரு சட்டையும் நஷ்டஈடு கேட்டார். குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

துத்தாஹாவைப் பிடித்ததற்கும் கருவி திரும்பியதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் ஒரு பாடம் குக்கின் மனதில் எங்கோ பதிந்துவிட்டது. ஜூன் மத்தியில் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பி ஒன்று காணாமல் போனபோது, மீன் பிடித்துத் திரும்பிய இருபதுக்கு மேற்பட்ட படகுகளை அவர் மடக்கினார். இதுவரை போன எல்லாப் பொருளும் வராவிட்டால் படகுகளை எரிப்பேன் என்றார். கம்பி மதியத்துக்குள் வந்தது. மற்றது வரவில்லை. படகுகளோ யாரோ சம்பந்தமில்லாத மீனவர்களுடையவை. அதை பேங்க்ஸ் அப்போதே சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார். மீன் நாறியது. கடைசியில் குக் படகுகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஜூலையில் இரண்டு சிப்பாய்கள் காதலிகளோடு மலைக்கு ஓடியபோது தலைவர்களைப் பிணை வைத்தார். ஓடியவர்கள் வந்தார்கள்.

*

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுகிறது. ரீஸ்டார்ட் பண்ணினால் எழுந்துகொள்கிறது. அடுத்த முறையும் அதுவே. ஏன் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் ரீஸ்டார்ட் வேலை செய்கிறது. பிணை பிடிப்பது குக்கின் ரீஸ்டார்ட். சொசைட்டித் தீவுகளில் தலைவர்களுக்கு ஆட்கள்மேல் பிடி இருந்தது. பொருள் எங்கே என்று அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அதனால் அது வேலை செய்தது. சந்தை நின்றுபோவதும், ஜனம் மலைக்கு ஓடுவதும், மனதில் வஞ்சம் சேர்வதும் பொருள் திரும்பியதா இல்லையா என்ற கணக்கில் வராத செலவுகள்.

கணக்கில் வராதது இன்னொன்றும் உண்டு. 1770 ஏப்ரல் கடைசியில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்கிய குக்கின் ஆட்கள், ஜனங்கள் ஓடிப்போன குடிசைகளிலிருந்து 40, 50 மீன்பிடி ஈட்டிகளை எடுத்துக்கொண்டு மணிமாலைகளை வைத்துவிட்டு வந்தார்கள். மணிகளை யாரும் தொடவில்லை. அவற்றில் எஞ்சிய நான்கு ஈட்டிகள் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் இருந்து, 2024இல்தான் அந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் திரும்பின. அதே வருடம் ஜூலையில், பவளப்பாறையில் மோதிய கப்பலை எண்டெவர் ஆற்றங்கரையில் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, மாலுமிகள் ஒரு டஜன் ஆமைகளைப் பிடித்துக் கப்பல் தளத்தில் போட்டிருந்தார்கள். குகு யிமிதிர் மக்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றைக் கேட்டார்கள். மறுத்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள். பிடுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் கரைக்குப் போய்க் கப்பல் முகாமைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். அவர்கள் கடல், அவர்கள் ஆமை. குக்கின் நாட்குறிப்பில் அது நடந்தபடியே இருக்கிறது. திருட்டு என்ற தலைப்பில் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சண்டையை முடித்துவைத்தவர் முனை ஒடிந்த ஈட்டியோடு முன்னால் வந்த ஒரு முதியவர். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார்கள். இருவருக்கும் பொதுமொழி பத்துச் சொல்கூட இருந்திருக்காது.

மூன்றாவது பயணத்தில் நாம் சந்திப்பது வேறொரு குக். ஏன் மாறினார் என்பதற்கு உடல்நலம், களைப்பு என்று பல காரணம் சொல்கிறார்கள். நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஆன் சால்மண்ட் சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1773 டிசம்பரில் துணைக்கப்பலான அட்வெஞ்சரின் பத்து மாலுமிகள் நியூசிலாந்தில் கொல்லப்பட்டுத் தின்னப்பட்டார்கள். 1777 பிப்ரவரியில் குக் அந்த இடத்துக்கே போய் விசாரித்தார். கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாலுமிகளிடமிருந்து சிலர் ரொட்டியும் மீனும் பறித்திருக்கிறார்கள். அடிதடி. இரண்டு மாவோரியர் சுடப்பட்டார்கள். பிறகு பத்துப் பேரும் போனார்கள். இதற்கும் ஆரம்பம் ஒரு துண்டு ரொட்டிதான். கொலைக்குத் தலைமை தாங்கியவர் என்று எல்லாரும் கைகாட்டிய கஹூரா, கப்பலுக்கே வந்து குக்கின் அறையில் நின்றார். குக் பழி வாங்கவில்லை. கப்பலில் இருந்த ஓவியரை விட்டு அவரைப் படம் வரையச் சொன்னார். மாவோரியரே இதைப் பலவீனமாகப் பார்த்தார்கள். அவருடைய மாலுமிகள் உள்ளுக்குள் கொதித்தார்கள். அதற்குப் பிறகுதான் குக்கின் கை இறுகுகிறது என்கிறார் சால்மண்ட்.

டோங்காவில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. தன் மாலுமிகளுக்கு வழக்கமாக 6, 12 என்று அடி கொடுப்பவர், திருடிய தீவுக்காரர்களுக்கு ஆறு டஜன் வரை போனார். காதை அறுத்தார்கள். கையில் சிலுவைக் குறி கீறினார்கள். துணிக்குள் ஒரு இரும்புத் தாழை மறைத்த குட்டித் தலைவர் ஒருவருக்குச் சவுக்கடி கொடுத்து, ஒரு பன்றி வாங்கிக்கொண்டு விட்டார். அதன்பின் பெரிய மனிதர்கள் திருட வரவில்லை, வேலைக்காரர்களை அனுப்பினார்கள். அவர்களுக்கு அடிப்பது பாய்மரத்தை அடிப்பது மாதிரிதான் என்று குக்கே அலுத்துக்கொள்கிறார். டிஸ்கவரி கப்பலின் கேப்டன் சார்ல்ஸ் கிளார்க்குக்கு வேறு யோசனை வந்தது. அகப்பட்டவர்களின் தலையைச் சிரைத்து அனுப்பினார். ஊரே சிரித்தது. அடியைவிட அது பலித்தது. மொட்டை அடித்து அனுப்புவதன் வலிமை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1777 அக்டோபர், மூரியா தீவு. ஒரு சினை ஆடு காணாமல் போகிறது. இங்கிலாந்திலிருந்து தீவுகளில் இனம் பெருக்குவதற்காகச் சுமந்து வந்த ஆடு. குக் ஆயுதமேந்திய முப்பது பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு தீவின் குறுக்கே நடந்தார். வழியில் வீடுகளை எரித்தார்கள். போர்ப்படகுகளைக் கொளுத்தினார்கள், உடைத்தார்கள். ஒரு படகு கட்ட எத்தனை பேரின் எத்தனை மாத உழைப்பு என்று கப்பல் தச்சர்களுக்குத் தெரியாதா? மறுநாளும் தொடர்ந்தது. ஆடு வந்தது. கூட இருந்த அதிகாரிகளே தங்கள் நாட்குறிப்பில் வெட்கப்படுகிறார்கள். கேப்டனுக்கு என்ன ஆயிற்று, எங்களுக்குப் புரியவில்லை என்கிற தொனி.

அந்தக் கோபத்தின் வடிவம் எனக்குக் கொஞ்சம் தெரியும். சில வருடம் முன்பு ஒரு ஐரோப்பிய நகரத்தில் என் நண்பரின் பை மெட்ரோவில் போனது. பாஸ்போர்ட், பணம், அம்மா கொடுத்தனுப்பிய ஒரு சிறிய வெள்ளி டம்ளர். அமைதியான மனுஷர். அன்றைக்கு முழுக்க அந்தத் தெருவில் எதிரே வந்த ஒவ்வொருவர் முகத்திலும் அவருக்குத் திருடன்தான் தெரிந்தான். "இந்த ஊர்க்காரனே இப்படித்தான்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொலைத்தவனுக்குத் திருடன் முகம் தெரியாது. அதனால் கைக்கு எட்டுகிற முகத்தில் அதை ஒட்டிவிடுகிறான். நண்பரால் சாபம்தான் விட முடிந்தது. குக்கிடம் தீப்பந்தம் இருந்தது.

அடுத்து ஹுவாஹினே தீவில் ஒரு செக்ஸ்டன்ட் கருவி போனது. எடுத்தவரைப் பிடித்துத் தலையைச் சிரைத்துக் காதுகளை அறுத்தார். ராயட்டேயா தீவில் மாலுமிகள் ஓடிப்போனார்கள். தலைவரின் மகன், மகள் பொயெதுவா, மருமகன் மூவரையும் கப்பல் அறைக்குள் வைத்துப் பூட்டினார். கரையில் பெண்கள் தலையில் கீறிக்கொண்டு அழுதார்கள். வெப்பர் வரைந்த பொயெதுவாவின் படத்தை இன்றைக்கும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மென்மையான புன்னகை. பின்னால் இருக்கும் கதை தெரிந்து பார்த்தால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போனவர்கள் திரும்பினார்கள். ரீஸ்டார்ட் மறுபடி வேலை செய்தது.

ஆனால் இந்த முறை எதிர்த்தரப்பும் பாடம் படித்திருந்தது. குக் மாலையில் ஆயுதமில்லாமல் ஓடையில் குளிக்கப் போவது வழக்கம். அவரைப் பிடித்துப் பிணை வைத்து நம் பிள்ளைகளை மீட்கலாம் என்று கரையில் திட்டம் போட்டார்கள். அன்றைக்கு அவர் குளிக்கப் போகவில்லை. திட்டம் வெளியே கசிந்து குக்குக்கும் தெரியவந்தது. எழுதியும் வைத்தார். தன் முறையைத்தான் அவர்கள் தனக்குத் திருப்பிக் காட்டினார்கள் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

*

ஹவாயில் நடந்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவரை லோனோ என்ற தெய்வமாகவே எண்ணினார்களா என்பதில் மார்ஷல் சாலின்ஸும் இலங்கையைச் சேர்ந்த கணநாத் ஒபேயசேகரவும் 1990களில் போட்ட சண்டை மானுடவியலில் பேர்போனது. தெய்வமோ மனிதனோ, என் கண் படகின் மேல்தான்.

1779 ஜனவரி 17 அன்று கியலகெகுவா விரிகுடாவில் ஆயிரம் படகுகள் அவரை எதிர்கொண்டன. மன்னர் கலானியோபுவு தான் அணிந்திருந்த இறகுப் போர்வையையும் தலைக்கவசத்தையும் கழற்றி அவருக்கு அணிவித்தார். பிப்ரவரி 4 அன்று கிளம்பினார்கள். புயலில் ரெசல்யூஷனின் முன்பாய்மரம் பழுதாக, 11ஆம் தேதி அதே இடத்துக்குத் திரும்பினார்கள். இந்த முறை வரவேற்பு இல்லை. விருந்தாளி இரண்டாம் தடவை வந்தால் வீட்டில் என்ன முகம் இருக்குமோ அந்த முகம்.

13ஆம் தேதி டிஸ்கவரியின் கொல்லனுடைய குறடு திருட்டுப் போனது. துரத்திப் போனவர்கள், அதுவரை நண்பராக இருந்த பலேயா என்ற தலைவரின் படகையே பிடிக்கப் பார்த்தார்கள். அவர் தடுக்க, ஒரு மாலுமி துடுப்பால் அவர் தலையில் அடித்தான். கூட்டம் கல்லெறிய, அடிவாங்கிய பலேயாவே குறுக்கே நின்று அவர்களைக் காப்பாற்றி அனுப்பினார். அன்றிரவு டிஸ்கவரியின் பெரிய படகு போனது. வெயிலில் பலகை வெடிக்காமல் இருக்க அதைத் தண்ணீரில் அமிழ்த்தி மிதவையில் கட்டியிருந்தார்கள். கயிற்றை அறுத்துக் கொண்டுபோனார்கள்.

காலையில் குக்குக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விரிகுடாவின் வாயைப் படகுகளால் அடைக்கச் சொல்லிவிட்டு, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு லெப்டினன்ட் ஃபிலிப்ஸையும் ஒன்பது சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு காவலோவா கரையில் இறங்கினார். மன்னர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். அவருக்குப் படகு விஷயமே தெரியாது என்று ஃபிலிப்ஸ் பிறகு சொன்னார். கப்பலுக்கு வாருங்கள் என்றதும் வயதான மனிதர் எழுந்து நடந்தார். அவருடைய சின்ன மகன் உற்சாகமாக முன்னால் ஓடிப் படகில் ஏறியே விட்டான். தண்ணீர் ஓரத்தில் மனைவி கானேகபோலே அழுதுகொண்டு வந்து போகாதே என்று கெஞ்சினார். இரண்டு தலைவர்கள் மன்னரின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அவர் தலை குனிந்து உட்கார்ந்தார்.

மன்னரை இழுத்துப் போனால் ரத்தம் சிந்தும் என்று குக் ஃபிலிப்ஸிடம் சொன்னார். கைவிடவும் முடிவெடுத்தார். டஹிட்டியில் யோசித்த அந்தப் பழைய குக் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கிறார். அதற்குள் விரிகுடாவின் மறுபக்கத்தில், வழியை அடைத்திருந்த படகுகளிலிருந்து சுட்டதில் ஒரு தலைவர் இறந்த செய்தி கூட்டத்துக்கு வந்துவிட்டது. ஒருவர் கத்தியோடு முன்னால் வந்தார். குக் சிறு ரவையால் சுட்டார். அது அந்த மனிதரின் பாய்க்கவசத்தில் பட்டு உதிர்ந்தது. அடுத்துக் குண்டு. பிறகு கல்மழை. சிப்பாய்கள் ஒருமுறை சுட்டார்கள், மறுபடி மருந்து திணிக்க நேரமில்லை. படகுகளை நோக்கித் திரும்பிய குக்கின் தலையில் தடி விழுந்தது. முதுகில் இரும்புக் கத்தி இறங்கியது. அந்த மாதிரிக் கத்திகளைத் தீவின் மரக்கத்தி அமைப்பிலேயே கப்பல் கொல்லர்கள்தான் அடித்து, பன்றிக்கும் கிழங்குக்கும் பண்டமாற்றாகக் கொடுத்திருந்தார்கள்.

அவரோடு நான்கு சிப்பாய்கள் செத்தார்கள். ஹவாயர் பலர். சில நாள் கழித்து மாலுமிகள் தண்ணீர்த்துறைப் பக்கத்து ஊரை எரித்து, தலைகளை வெட்டினார்கள். பொறுப்புக்கு வந்த கிளார்க் ஏற்கெனவே காசநோயில் செத்துக்கொண்டிருந்தவர். பெரும் பழிவாங்கலுக்கு அவர் இடம் தரவில்லை. பேசிப் பேசி, குக்கின் எலும்புகளில் கிடைத்ததை வாங்கி, 21ஆம் தேதி விரிகுடாவிலேயே இறக்கினார்கள். படகைக் கேட்டார்கள். உடைத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ஆணிக்காக.

மரணச் செய்தி சைபீரியா வழியாகத் தரைமார்க்கமாய் நகர்ந்து லண்டனை அடைந்தது 1780 ஜனவரியில். நடுவில், 1779 ஏப்ரலில், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று ஜோசப் பேங்க்ஸை வரவழைத்தது. அமெரிக்கக் காலனிகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் சிறைகளில் சில்லறைத் திருடர்கள் நிரம்பி வழிந்தார்கள். இவர்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்பது கேள்வி. புரேயாவின் படகில் சட்டையைத் தொலைத்தவர், குக் செத்து ஏழு வாரம் ஆனது தெரியாமல், அவரோடு தான் இறங்கிய ஒரு கரையைச் சொன்னார். பாட்டனி விரிகுடா. அங்கே ஆட்கள் குறைவு, எதிர்ப்பும் அதிகம் இருக்காது என்றார். ஈட்டிகள் கிடைத்த இடம். 1788 ஜனவரியில் 11 கப்பல்கள் அங்கே போய் நின்றன. உள்ளே எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகள், பெரும்பாலும் திருட்டு வழக்கு.